தண்ணீர்மலைத் தோட்டத்தில் களை பறிப்பவர்கள்

பினாங்கில் இன்று நாம் பார்க்கும் தாவரவியல் பூங்கா அந்தத் தீவின் மூன்றாவது பூங்கா. முதல் இரண்டையும் ஆட்சியில் இருந்தவர்களே விற்றுவிட்டார்கள். மூன்றாவதையும் ஒருமுறை தண்ணீருக்குள் மூழ்கடிக்கப் பார்த்தார்கள். தோட்டம் என்பது என்னவோ வேர்விட்ட பொருள், அசையாத சொத்து என்று நாம் நினைக்கிறோம். பினாங்கின் கதையைப் படித்தால், ஒரு மேசையில் ஒரு கையெழுத்து விழுந்தால் காணாமல் போகக்கூடிய பொருள்களில் தோட்டமும் ஒன்று என்பது புரியும்.

முதல் தோட்டத்தின் கதை வாசனைத் திரவியங்களின் கதை. ஜாதிக்காயும் கிராம்பும் மொலுக்கஸ் தீவுகளில் டச்சுக்காரர்களின் பிடியில் இருந்தன. 1796இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைக் கைப்பற்றியதும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, செடிகளைக் கப்பலேற்றியது. அதற்கு அனுப்பப்பட்டவர் கிறிஸ்டோபர் ஸ்மித். ‘பவுண்டி’ கப்பல் கலகத்தில் தப்பிப் பிழைத்த பிளை, ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றிவர 1791இல் இரண்டாம் முறை புறப்பட்டபோது உடன்போன தோட்டக்காரர்களில் ஒருவர் அவர். பல்லாயிரம் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகள் பினாங்குக்கு வந்து இறங்கின. ஆயர் ஈத்தாம் பள்ளத்தாக்கில் தோட்டம் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அதை விற்றும் விட்டார்கள். ஜாதிக்காய் மரம் ஒழுங்காகக் காய்க்க ஏழெட்டு ஆண்டு பிடிக்கும். கவர்னர்களின் பதவிக்காலம் அவ்வளவு நீளம் இல்லை.

1822இல் இரண்டாவது தோட்டம். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் வாலிச் கொடுத்த உந்துதலில் தொடங்கியது. பார்த்துக்கொண்டவர் ஜார்ஜ் போர்ட்டர், பள்ளிக்கூட வேலையோடு தோட்டத்தையும் சேர்த்துச் சுமந்த மனிதர். 1834இல் கவர்னர் மர்ச்சிசன் அதையும் விற்றார். பிறகு ஐம்பது வருடம் தீவில் தாவரவியல் பூங்கா என்ற ஒன்றே கிடையாது.

மூன்றாவதுதான் 1884இல் வந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்த சார்ல்ஸ் கர்ட்டிஸ், அதற்குமுன் வீட்ச் என்ற பெரிய நாற்றங்கால் நிறுவனத்துக்காகக் காடுகளில் ஆர்க்கிட்டும் கெண்டிச் செடியும் தேடி அலைந்தவர். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட இடம், கொடிமலை அடிவாரத்தில் அருவி விழும் பள்ளத்தாக்கு. கருங்கல் உடைத்து எடுத்துக் குழியாக விட்டிருந்த கல்குவாரி. அந்தக் குழியை மூடாமல், அதன் மேடு பள்ளத்தையே தோட்டத்தின் உருவமாக்கினார் என்பதுதான் அவருடைய பெரிய சாமர்த்தியம் என்பேன். இன்றும் அங்கே நடக்கும்போது பாதை ஒரே மட்டமாகப் போகாது. ஓடையைத் தொட்டு, விலகி, மேலேறி, திடீரென்று ஒரு புல்வெளியில் கொண்டுபோய் விடும். இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு 1903இல் ஓய்வு பெற்றார். தீவில் தானாக வளரும் பூக்கும் செடிகளுக்கும் பெரணிகளுக்கும் அவர் போட்ட பட்டியல் 1894இல் வெளிவந்தது. அவருடைய பெயர் ஆர்க்கிட்டிலும் கெண்டிச் செடியிலும் ஒட்டிக்கொண்டது. இப்போது கொடிமலை உச்சியில் மரங்களுக்கு மேலே கட்டியிருக்கும் நடைமேடைக்கும் ‘கர்ட்டிஸ் கிரெஸ்ட்’ என்று பெயர்.

சரி. அந்தக் கல்குழியில் மண் கொட்டியவர் யார், கன்றுக்குத் தண்ணீர் சுமந்தவர் யார், களை பறித்தவர் யார்? காலனியத் தோட்டங்களின் வரலாற்றில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் பதில்: கூலிகள். செடிக்கு இரண்டு லத்தீன் பெயர் உண்டு, அதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு பெயர் உண்டு, அதை உயிரோடு வைத்திருந்தவனுக்கு ஒரு பெயரும் இல்லை. தப்பித்து மேலே வந்த பெயர்கள் கொஞ்சம். பினாங்குப் பூங்காவில் நெடுங்காலம் வேலை பார்த்த முகமது ஹனிஃப், பர்க்கிலோடு சேர்ந்து மலாய்க் கிராம மருத்துவம் பற்றி எழுதிய பெரிய ஆய்வு 1930இல் வெளிவந்தது. அதில் அவர் உதவியாளர் இல்லை, இணை ஆசிரியர். சென்னைப் பக்கம் போனால், ராபர்ட் வைட்டின் புத்தகங்களுக்குச் செடிகளை வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் அப்படித் தப்பியவர்கள். கோவிந்துவின் பெயரை ஒரு செடி இனத்துக்கே வைட் வைத்தார். ஆனால் இவர்கள் எழுதியவர்கள், வரைந்தவர்கள். களை பறித்தவர்களுக்கு இப்படி ஒரு கதவும் திறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு தம்பியைச் சொல்ல வேண்டும். கவிதை எழுதுகிற பையன், பல்கலைக்கழக மாணவன், கெடா பக்கம். பூங்காவில் மாதம் ஒருமுறை தன்னார்வலர்கள் கூடிக் களை பறிக்கிறோம், வருகிறாயா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

“அக்கா, எங்க ஆயா நாப்பது வருசம் தோட்டத்துல வெளிக்காட்டு வேல செஞ்சிச்சு. கூலிக்குப் புல்லு புடுங்கிச்சு. இப்ப நான் போயி சும்மா புடுங்கணுமா? அதுவும் வெள்ளக்காரன் தோட்டத்துல?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் பாட்டியும் வெளிக்காட்டு வேலைக்காரிதான். பல மாதங்களாக இந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது. இந்தக் கட்டுரையே அதற்கு நான் தேடிய பதிலின் பாதைதான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பி சொல்வதில் வரலாறு இருக்கிறது, வெறும் கோபம் இல்லை. தாவரவியல் பூங்கா என்பது ஓய்வு நேரத்தில் உலாவக் கட்டிய இடம் மட்டும் அல்ல, பேரரசின் ஆய்வுக்கூடம். எந்தச் செடி எந்த மண்ணில் பணமாகும் என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. 1876இல் பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888இல் அங்கே இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, பார்க்கும் தோட்ட முதலாளிகளிடமெல்லாம் ரப்பர் நடுங்கள் என்று நச்சரித்தார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வாங்கினார். கர்ட்டிஸின் பினாங்குப் பூங்கா அதே துறையின் ஒரு கை. பிறகு நடந்தது நம் குடும்பக் கதை. பால்மரம் வந்தது, பால்மரத்துக்குப் பின்னால் கங்காணி வந்தார், கங்காணிக்குப் பின்னால் சேலத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கப்பல் கப்பலாக நாம் வந்தோம். ஒப்பந்தக் கூலிமுறையை 1910இல் நிறுத்தினார்கள், கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றது. நமக்கு இந்த மண்ணில் பிறப்புச் சான்றிதழ் எழுதிய அலுவலகங்களில் ஒன்று தாவரவியல் பூங்கா என்று சொன்னால் அது அலங்காரம் இல்லை.

களை என்ற சொல்லும் நமக்கு லேசான சொல் இல்லை. கையால் பறித்த காலம் போய், முதுகில் தொட்டி கட்டி மருந்து அடிக்கும் காலம் வந்தபோது, அந்தத் தொட்டியைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பெராகுவாட் என்ற களைக்கொல்லி அவர்களுடைய நகத்தையும் தோலையும் மூச்சையும் என்ன செய்தது என்று தெனாகானித்தா அமைப்பும், இதே பினாங்கில் தலைமையகம் வைத்திருக்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தன. மலேசியாவில் அந்த மருந்துக்கு முழுத் தடை வந்தது 2020இல்தான். என் பாட்டியின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பூங்காவில் ஒருவர் உற்சாகமாக, “வாங்க, களை பறிக்கலாம், நல்ல உடற்பயிற்சி” என்று கூப்பிடும்போது என் காதில் விழுவது அந்த உற்சாகம் மட்டும் அல்ல.

அப்படியானால் எதற்குப் போகிறேன்?

1910க்கு வருவோம். நகரம் பெருத்துவிட்டது, குடிதண்ணீர் போதவில்லை. அருவிப் பள்ளத்தாக்கையே நீர்த்தேக்கமாக்கி, பூங்காவை ஒழித்துவிடலாம் என்று முடிவாயிற்று. ‘பினாங்குத் தாவரவியல் பூங்கா ஒழிப்பு’ என்ற தலைப்பிலேயே ரிட்லி அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். அதற்குமுன் இரண்டு தோட்டங்கள் விற்கப்பட்ட கதையும் அப்போது மறுபடி பேசப்பட்டது. நல்லவேளை, திட்டம் நிறைவேறவில்லை, பூங்கா பிழைத்தது. இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தண்ணீருக்காகப் பூங்காவை மூழ்கடிப்பது தப்பு என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா? நகரத்துக் குழாயடியில் குடத்தோடு நின்றவர்களில் நம் ஆட்களும் இருந்திருப்பார்கள். பூங்காவைக் காப்பாற்றுவது எப்போதும் நியாயத்தின் பக்கம்தான் என்று முன்கூட்டியே எழுதிவிட முடியாது. ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதே தண்ணீர்க் கணக்கில் இடம்பெயர்ந்தவர் இன்னொருவர் உண்டு: முருகன். அருவியோரம் தமிழர்கள் வைத்து வழிபட்ட சின்னக் கோயில், நகரின் நீர்வேலைகளுக்காக அங்கிருந்து நகர்த்தப்பட்டது. 1915இல் அவர் பக்கத்துக் குன்றின்மேல் குடியேறினார். அதுதான் அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம். 2012இல் புதிய பெரிய கோயில் எழுந்தபிறகு 513 படி ஏறிப் போகிறோம். கீழே சாலையோரம் 1857இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல்நாள் நகரத்துக்குள்ளிருந்து வெள்ளி ரதம் அங்கே வந்து சேரும். இந்த வட்டாரம் முழுவதற்கும் தமிழில் தண்ணீர்மலை என்று பெயர், வாய்ப்பேச்சில் தண்ணிமலை. அருவியை வைத்து நாம் வைத்த பெயர். மலாய்க்காரர்கள் பூந்தோட்டத்தை வைத்துச் சாலைக்கு ஜாலான் கெபுன் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். (அந்த ‘பூங்கா’ மலாய்ச் சொல், பூ என்று பொருள். தமிழ் எழுத்தில் எழுதினால் நம் பூங்காவாகவே ஆகிவிடுகிறது. இந்தத் தற்செயலுக்காக நான் எப்போதும் கொஞ்சம் சந்தோஷப்படுவேன்.)

ஆக, அருவியும் முருகனும் தோட்டமும் ஒரே பள்ளத்தாக்கில் உடன்பிறந்தவர்கள். ஆனால் நாம் ஒருவரோடு மட்டும் உறவு வைத்துக்கொண்டோம். தைப்பூசத்தன்று அந்தச் சாலையில் வரிசையாகத் தண்ணீர்ப்பந்தல்கள். எத்தனை பேர் சம்பளம் இல்லாமல் இரவெல்லாம் நின்று மோர் ஊற்றுகிறார்கள், சோறு போடுகிறார்கள், செருப்பு பார்த்துக்கொள்கிறார்கள். தமிழனுக்குத் தன்னார்வம் தெரியாது என்று யாராவது சொன்னால் அவரை அந்தச் சாலையில் ஒரு மணிநேரம் நிற்கவைத்தால் போதும். அதே சாலையின் மறுகோடியில் பூங்காவின் வாசல். அந்த வாசலோடு நம் தொண்டு நின்றுவிடுகிறது.

பூங்காவுக்குள் நடப்பது வேறுவிதமான கூட்டம். இன்று பூங்கா மாநில அரசின் பொறுப்பில் இருக்கிறது, சம்பள ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு வெளியே, பினாங்குத் தாவரவியல் பூங்கா நண்பர்கள் சங்கம் என்று ஒன்று உண்டு. இயற்கை ஆர்வலர்கள் உண்டு. எந்தச் சங்கத்திலும் இல்லாமல் தினமும் விடிகாலை வந்து நடக்கிறவர்கள் உண்டு. உலகமெங்கும் பழைய பூங்காக்கள் இப்படி ஒரு ‘நண்பர்’ கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டுதான் வாழ்கின்றன. நம் ஊர்களிலும் தொடக்கம் அப்படித்தான். சென்னையின் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் தொடங்கியது, அரசு அலுவலகமாக இல்லை, ஆர்வலர் சங்கமாக. உதகையின் பூங்காவுக்கும் முன்கதை அங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் முட்டைக்கோசுக்கும் கேரட்டுக்கும் மாதச் சந்தா கட்டி நடத்திய காய்கறித் தோட்டம்தான்; 1848இல் மெக்கைவர் வந்தபிறகுதான் அது தாவரவியல் பூங்காவாக உருமாறியது. அந்தக் காலத்து ஆர்வலர் சந்தா கட்டினார், கூலியாள் மண் வெட்டினார். இன்றைய தன்னார்வலர் தானே மண் வெட்டுகிறார். இந்த ஒரு மாற்றம் சின்னது மாதிரித் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் போகும் குழுவில் வேலை என்ன என்று கேட்டால் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மிக்கானியா கொடியைப் பிடுங்குவோம். வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்து, இங்கே ரப்பர் தோட்டங்களில் மூடுபயிராகப் பரப்பப்பட்டு, பிறகு கட்டறுத்துக்கொண்டு எல்லா மரத்தின் தலையிலும் ஏறி உட்கார்ந்த கொடி. வேரோடு எடுக்காவிட்டால், விட்டுப்போன ஒரு கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் அவசரப்படுகிறவர்களுக்கு அந்த வேலை ஒத்துவராது. பிறகு, குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று வருகிறவர்களிடம் கெஞ்சுவோம். நீள்வால் குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சத்தத்தை அறிந்தவை. பையைப் பிடுங்கிக் குழந்தையைக் கீறியபிறகு குற்றம் குரங்கின்மேல் விழும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கூட நடந்து மரங்களைக் காட்டுவோம். அவ்வளவுதான்.

ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ காரர்கள்தான் வேண்டிய நேரத்தில் குரல் எழுப்புகிறார்கள். 2010இல் பூங்கா வாசலில் இரண்டு பெரிய கான்கிரீட் வளைவுகள் எழுந்தன, மத்திய அரசின் பணத்தில். காட்டு ஓரத்தில் கர்ட்டிஸ் அமைத்த அடக்கமான தோட்டத்துக்குக் கல்யாண மண்டப நுழைவாயில் மாதிரி. மக்கள் கொதித்தார்கள், பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். வளைவுகள் பாதுகாப்பானவையா என்ற கேள்வியும் எழுந்தது. இன்று அந்த வளைவுகள் அங்கே இல்லை. தினமும் அந்த வாசலால் நுழைகிறவருக்குத்தான் அதன் அளவு தெரியும். 1834இல் மர்ச்சிசன் தோட்டத்தை விற்றபோது அப்படி ஒரு கூட்டம் வாசலில் இல்லை. சட்டம் இல்லாமல் இருந்தது, பணம் இல்லாமல் இருந்தது என்று காரணம் சொல்லலாம். அந்தத் தோட்டத்தைத் தன்னுடையது என்று நினைத்த ஆள் இல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது.

பூங்கா வாசலுக்குப் பக்கத்திலிருந்து கொடிமலைக்கு ஒரு ஜீப் பாதை ஏறுகிறது. ஐந்து கிலோமீட்டர், நெஞ்சை முட்டும் ஏற்றம். நடுவழியில் ‘எண்பத்து நாலு’ என்று எல்லோரும் சொல்லும் ஓர் ஓய்விடம். தன்னார்வலர்கள், பெரும்பாலும் சீனப் பெரியவர்கள், ஏறிவருகிற யாருக்கும் தேத்தண்ணியும் கோப்பியும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். விலை கிடையாது, ஓர் உண்டியல் இருக்கும், விருப்பம் இருந்தால் போடலாம். முதல்முறை அந்தக் குவளையை வாங்கியபோது எனக்குத் தோன்றியது, இது தண்ணீர்ப்பந்தல். சாமி இல்லாத தண்ணீர்ப்பந்தல். கீழே நம்முடையது வருடத்தில் ஒருமுறை, மேலே இவர்களுடையது அன்றாடம். யாருடையது உசத்தி என்ற பேச்சு வேண்டாம். இரண்டு பந்தலுக்கும் நடுவில் நிற்கும் பூங்காவில் இரண்டு கூட்டமும் சந்திப்பதில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

களை பறிப்பது நமக்குக் கூலியாக மட்டும் வந்த வேலையா என்றும் யோசித்தேன். இல்லை. அப்பர் சுவாமிகள் கையில் என்ன இருக்கும் என்று கோயிலில் போய்ப் பாருங்கள். உழவாரப்படை. கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி. மன்னரையே எதிர்த்து நின்றவர் என்று நாம் கொண்டாடும் ஒரு கவிஞரின் அடையாளப் பொருள், களைக்கொத்து. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வளர்த்தவர். திருமலையில் ராமானுஜர் சொல்லி நந்தவனம் வைத்த அனந்தாழ்வானின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். குளம் வெட்டும்போது மண் சுமக்க ஒரு சிறுவன் உதவிக்கு வருகிறான். என் கைங்கரியத்தில் பங்கு கேட்க நீ யார் என்று கடப்பாரையை வீசிவிடுகிறார். சிறுவனாக வந்தவர் பெருமாள், அடி மோவாயில். தன்னார்வலர்களோடு கொஞ்சநாள் பழகியவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. என் பாத்தி, என் செடி, நீ தொடாதே என்று சண்டை போடாத தன்னார்வக் குழுவை நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்தக் கதைகளைத் தம்பியிடம் சொல்லி அவனை மடக்கிவிடலாம் என்று நினைத்தபோது என் உள்ளே ஒன்று தடுத்தது. உழவாரம் அப்பர் தானாக எடுத்துக்கொண்டது. அவன் ஆயாவின் கையில் மண்டோர் கொடுத்தது. தொண்டு என்று சொல்லிக் கூலியில்லா வேலை வாங்குவதும் நம் மரபில் உண்டு, அதை யாரிடம் வாங்கினோம் என்பதும் நமக்குத் தெரியும். பக்தியின் கதையை வைத்துக் கூலியின் கதையை மூடக்கூடாது.

நான் கண்ட வித்தியாசம் எளிமையானது. பாட்டி காலையில் ‘இன்னிக்கு வரல’ என்று சொல்ல முடியாது. பெரட்டுக்கு நிற்காவிட்டால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அரிசி இல்லை. நான் சொல்லலாம். பாட்டிக்குத் துரையின் மரம் காய்த்தாலும் பட்டாலும் கேட்க வாயில்லை. நான் பூங்கா நிர்வாகத்துக்கு ஏன் இந்த மரத்தை வெட்டினீர்கள் என்று கடிதம் எழுதலாம். அந்தக் கேட்கும் உரிமை இல்லாத இடத்தில் தன்னார்வலர் என்ற சொல் கூலிக்கு நல்ல சட்டை போட்டதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன்னார்வலர்கள்தான் வருகிறார்களே, சம்பளத் தோட்டக்காரர்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எந்தப் பூங்காவின் நிர்வாகமாவது கணக்குப் போடத் தொடங்கினால், அன்றைக்கே தன்னார்வலர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். இதை எங்கள் குழுவில் சொன்னபோது எல்லோருக்கும் பிடிக்கவில்லை.

இனி மரங்களைப் பற்றி. பூங்காவின் பேர்போன மரங்களில் ஒன்று, பீரங்கிக் குண்டு மாதிரி காய் காய்க்கும் மரம். அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகப் பூ தொங்கும். சுற்றுலாப் பயணிகள் அதன்முன் நின்று படம் எடுப்பார்கள். நம் ஆட்கள் அதைப் பார்த்ததும் கை கூப்புவதை நான் கண்டிருக்கிறேன், ஏனென்றால் அது நாகலிங்கம். இதழ்களுக்கு நடுவில் லிங்கம், மேலே படமெடுத்த நாகம். தமிழ்நாட்டில் சிவன் கோயில் வாசல்களில் நிற்கும் இந்த மரத்தின் பூர்வீகம் தென்னமெரிக்கக் காடு. அப்பர் இதைப் பார்த்திருக்க வழியே இல்லை. வெளியூர் மரம் ஒன்று வந்து, நம் சாமியின் உருவத்தைத் தன் பூவில் காட்டி, நம் வீட்டு மரமாகிவிட்டது. யாரும் அதைப் பார்த்து எப்போது வந்தாய் என்று கேட்பதில்லை.

இந்த நாட்டில் ‘பெண்டாத்தாங்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, வந்தேறி என்று கூப்பிடப்பட்ட ஒருவருக்கு, தாவரவியல் பூங்கா விசித்திரமான இடம். அங்கே பாதிக்குமேல் வந்தேறிகள். தோட்டத்துக்கே ஆதியான ஜாதிக்காய் மொலுக்கஸ்காரன். பால்மரம் பிரேசில்காரன். தொட்டாற்சிணுங்கியும் அமெரிக்கக் கண்டத்துப் பிள்ளை. எதைப் பறிக்க வேண்டும், எதற்குப் பலகை எழுதி வேலி போட வேண்டும் என்பது அது எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து இல்லை. பக்கத்தில் இருப்பதை வாழவிடுகிறதா என்பதைப் பொறுத்து. மிக்கானியாவைப் பிடுங்கும்போது நான் இதை எனக்கே சொல்லிக்கொள்வேன்.

மறுபக்கம், நமக்குத் தெரியாமல் நம் பழைய மரங்கள் இங்கே முன்பே இருந்தன. 1786இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய முனைக்கு மலாயில் தஞ்சோங் பெனாகா என்று பெயர். பெனாகா என்பது கடலோரத்தில் நின்ற ஒரு மரம். எந்த மரம் என்று தேடிப் பார்த்தால், புன்னை. நெய்தல் நிலத்துப் புன்னை, சங்கக் கவிதையில் தலைவி சாய்ந்து நிற்கும் அதே புன்னை. ஜோர்ஜ் டவுன் நகரம் தமிழில் புன்னைமுனை. தீவின் பெயரே பாக்குமரம்; பினாங் என்றால் பாக்கு. மலாய்க்காரர் பூங்கா தஞ்சோங் என்பது நம் மகிழம்பூ, செம்பாக்கா என்பது செண்பகம். நான் பார்த்த பலகைகளில் லத்தீன் பெயரும் மலாய்ப் பெயரும் இருந்தன, தமிழ்ப் பெயர் இல்லை. அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. அதனால் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் ஒரு மரம். தூங்குமூஞ்சி, சரக்கொன்றை, புன்னை, மகிழம், நாட்டு வாதுமை. மலாயாவின் சொந்த மரமான தெம்பூசுவுக்குத் தமிழில் பெயர் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் தெம்பூசு என்றே இருக்கிறது. மலையேறிகளில் யாராவது தோட்டத்தில் பிறந்த பெரியம்மாவோ மாமாவோ வந்தால் நிறுத்திக் கேட்பேன். அவர்களுக்குப் பூமரத்தைவிடப் பூண்டுகளின் பெயர் அதிகம் தெரியும். பறித்தவர்கள் அல்லவா.

2021இல் கொடிமலையும் பூங்காவும் சுற்றியுள்ள காடும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தன. பக்கத்துச் சிங்கப்பூர்ப் பூங்கா 2015லேயே உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. பட்டியல்கள் நல்லவை, விற்கிற கையைக் கொஞ்சம் தயங்கவைக்கும். ஆனால் பட்டியலில் சேர்ந்த மறுநாளும் மிக்கானியா ஒரு கணுவிலிருந்து துளிர்த்துக்கொண்டுதான் இருந்தது.

தம்பிக்கு இதையெல்லாம் ஒரு நீண்ட மின்னஞ்சலாக எழுதினேன். அவன் ஆயா உயிரோடு இருக்கிறார், எழுபத்தெட்டு வயது. அவரிடம் என் நோட்டுப்புத்தகத்தைக் காட்ட வேண்டும், பூண்டுகளின் பெயர் கேட்க வேண்டும் என்றும் எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. களை பறிக்க வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. ஆயாவைக் கூட்டிவந்தால் அந்த ஏற்றத்தில் எண்பத்து நாலு வரைக்கும் ஜீப் விடுவார்களா என்று கேட்டிருந்தான். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.